தலைப்பெழுத்தும் தலையெழுத்தும்

மரபு என்னும் சொல்லைத் தமிழாசிரியர்களாகிய நாம் நாள்தோறும் எத்தனையோ முறை சொல்லுகிறோம். வகுப்பறையில் மரபுத்தொடர் கற்பிக்கிறோம். மரபுக் கவிதைக்கும் புதுக்கவிதைக்கும் நடுவே நின்று வழக்காடுகிறோம். மேடை ஏறினால் மரபைக் காக்க வேண்டும் என்று முழங்குகிறோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்றே பெயர். உயிர்களுக்கு வழங்கும் இளமைப் பெயர்கள் இவை, ஆண்பாற் பெயர்கள் இவை, பெண்பாற் பெயர்கள் இவை என்று வரையறுத்துக் கூறும் இயல் அது. அதே மரபியல் என்னும் சொல்லைத்தான் இன்றைய அறிவியல் தமிழ், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வரும் உடற்கூறுகளை ஆராயும் துறைக்கும் பெயராக வழங்கி வருகிறது.

சொல் ஒன்றுதான். ஆயினும் முதல் மரபியலை நெஞ்சாரப் போற்றும் நாம், இரண்டாம் மரபியலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஆண்களாகிய நமக்கு இப்பழக்கம் இன்னும் மிகுதி. மரபுவழிப் புற்றுநோய்க்கான மரபணுச் சோதனை பெண்களுக்கு உரியது, ஆண்களுக்கு அங்கே வேலையில்லை என்று நம்மவர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் தவறானது, தவறானது மட்டுமன்று, உயிருக்குக் கேடு பயப்பது. அதனைப் பரப்பியதில் தமிழ் எழுதும் நமக்கும் தமிழ் கற்பிக்கும் நமக்கும் பங்குண்டு. இதுவே இக்கட்டுரையில் யான் சொல்ல விரும்புவது.

ஒரு குடும்பத்தின் கதை

எனக்கு மிகவும் வேண்டிய நண்பர் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய மகளுக்கு முப்பத்தெட்டாம் வயதில் மார்பில் கட்டி கண்டது. மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்டார். மகள் தாய்வழிச் செய்திகளை எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். அம்மா நலமாக இருக்கிறார். பெரியம்மா, சின்னம்மா எவருக்கும் இந்நோய் இல்லை. அம்மாவைப் பெற்ற பாட்டி எண்பது வயதைக் கடந்து வாழ்ந்தார். அருகில் அமர்ந்திருந்த நண்பர் வாய் திறக்கவில்லை. தம் தந்தையின் தங்கை, தோட்டத்தில், நாற்பது வயது நிறைவதற்கு முன்பே மார்பில் ஆறாத புண்ணோடு இறந்ததை அவர் சிறுவயதிலேயே கேட்டிருந்தார். தம்முடன் பிறந்த அக்காள் வயிற்றில் கட்டி வந்து மறைந்ததை நேரிலேயே கண்டிருந்தார். ஆனால், அவையெல்லாம் தம் பக்கத்துச் செய்திகள். மகளுக்கு வந்திருப்பது பெண்களின் நோய். ஆகவே அதற்கும் தம் பக்கத்துக்கும் தொடர்பிருக்கக் கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பிறகு மகளுக்கு மரபணுச் சோதனை செய்தனர். பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுவில் பிறழ்வு இருப்பது தெரிந்தது. தாயைச் சோதித்தபோது அவரிடம் அது இல்லை. தந்தையிடம் இருந்தது. "நான் அவளுக்குக் கொடுத்தது என் பெயரை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஐயா" என்று அவர் என்னிடம் கூறினார். அதற்கு விடை கூற எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு இரண்டு மகன்கள் உளர். இருவரும் இன்றுவரை சோதனை செய்துகொள்ளவில்லை. "அது தங்கச்சிக்கு வந்த நோய், எனக்கு எதற்கு?" என்பது மூத்தவர் கூறும் காரணம். "முதலில் கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம்" என்பது இளையவர் கூறும் காரணம். இருவரும் படித்தவர்கள், நல்ல பணியில் இருப்பவர்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. அவர்கள் கூறும் அவ்விரு காரணங்களும் நம் சமுதாயமே கூறும் காரணங்கள். ஆகவே அவற்றுக்கு விடை கூற வேண்டியிருக்கிறது.

மரபணு பால் வேறுபாடு பாராது

முதலில் உண்மை யாதெனக் காண்போம். அமெரிக்க அறிவியலறிஞர் மேரி கிளேர் கிங், மார்பகப் புற்றுநோய் மிகுந்த குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அந்நோய்க்கு ஏதுவான மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். பி.ஆர்.சி.ஏ. 1 எனப் பெயர் பெற்ற அம்மரபணு 1994ஆம் ஆண்டு பிரித்தறியப்பட்டது. 13ஆம் குரோமோசோமில் உள்ள பி.ஆர்.சி.ஏ. 2 மறு ஆண்டே, அதாவது 1995இல், அடையாளம் காணப்பட்டது.

இம்மரபணுக்கள் நோயை உண்டாக்குவதற்காக உடம்பில் இருப்பவை என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. இவை எல்லோரிடமும் உள்ளவை, நன்மை செய்பவை. உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை அறுபடும்போது அதனைப் பிழையின்றி ஒட்டித் தருவது இவற்றின் பணி. ஒவ்வொருவருக்கும் இம்மரபணு இரண்டு படிகளாக அமைந்திருக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒரு படி பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால், உயிரணுவின் காவல் ஒற்றைக் காவலாகி விடுகிறது. வாழ்நாளில் எப்போதேனும் மற்றப் படியும் ஏதோ ஓர் உயிரணுவில் பழுதுபட்டால் அங்கே புற்று தோன்ற வழி ஏற்படுகிறது.

13ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் பாலை நிர்ணயிக்கும் குரோமோசோம்கள் அல்ல. அவை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே உரியவை. ஆகவே பழுதுற்ற படியை உடைய தந்தையிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்குவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. தாயிடமிருந்து இறங்குவதற்கும் அதே சரிபாதி வாய்ப்புத்தான். பிள்ளை ஆணா பெண்ணா என்பதையும் அது பார்ப்பதில்லை. தந்தை எந்த நோயும் இன்றி முதுமை எய்தியிருக்கலாம். அதனால் அவர் தரும் படி பழுதற்றது என்று பொருளாகாது. ஆண்களே மிகுந்த குடும்பத்தில் இப்பழுது இரண்டு மூன்று தலைமுறை வெளியே தெரியாமல் நடந்து வந்து, திடீரென்று ஒரு பேத்தியிடம் தன்னைக் காட்டும். அப்போது நாம் 'இந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத நோய்' என்று வியக்கிறோம்.

பேத்திக்கு அதனால் வரும் இடர் சிறிதன்று. 2017ஆம் ஆண்டு வெளியான பெரியதோர் ஆய்வின்படி, இப்பிறழ்வை உடைய பெண்களுள் எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் காண்போர், பி.ஆர்.சி.ஏ. 1 உடையோரில் நூற்றுக்கு 72 பேர், பி.ஆர்.சி.ஏ. 2 உடையோரில் நூற்றுக்கு 69 பேர். சூலகப் புற்றுநோய் காண்போர் முறையே நூற்றுக்கு 44 பேரும் 17 பேரும் ஆவர். தந்தை தம் பக்கத்து வரலாற்றை அறிந்து முன்னரே சொல்லியிருந்தால், இப்பெண்கள் இளமையிலேயே விழிப்புடன் சோதனைகளை மேற்கொண்டிருக்கலாம். தேவையெனில் அறுவை மருத்துவத்தால் நோய் வருமுன் காத்துக்கொண்டிருக்கலாம். தந்தையின் வாய்மூடல் மகளின் காலத்தைத் தின்று விடுகிறது.

ஆணுக்கும் உண்டு நோய்

'சரி, மகளுக்காகச் சோதித்துக்கொள்ளலாம்; எனக்கென்ன?' என்று கேட்பவர்க்கும் விடை உண்டு. ஆணின் மார்பிலும் பால்சுரப்பித் திசு சிறிதளவு இருக்கிறது. அங்கும் புற்று தோன்றும். பொதுவாக ஏறத்தாழ ஆயிரம் ஆண்களில் ஒருவருக்கே அது வரும். பி.ஆர்.சி.ஏ. 2 பிறழ்வு உடைய ஆண்களிலோ, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, நூற்றுக்கு நால்வர் முதல் எண்மர் வரை அது வருவதாகக் கணக்கிட்டுள்ளனர். புகழ்பெற்ற பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸ், தமக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததையும் பி.ஆர்.சி.ஏ. 2 பிறழ்வு இருப்பதையும் 2019ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் வெளிப்படையாகக் கூறினார். சட்டையில் இரத்தப் புள்ளிகளைக் கண்டதே அவருக்கு முதல் அறிகுறி. அவர் நாணவில்லை, தம் மக்களையும் சோதித்துக்கொள்ளச் செய்தார். தந்தை என்பவர் செய்ய வேண்டியது அதுவே.

ஆனால், ஆண்களுக்கு இதைவிடப் பெரிய இடர் புரோஸ்டேட் சுரப்பியில் இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ. 2 பிறழ்வுடையோர்க்கு அச்சுரப்பியில் புற்று தோன்றும் வாய்ப்புப் பன்மடங்கு மிகுகிறது. அப்புற்று இளவயதிலேயே வருவது, விரைந்து பரவுவது. கணையப் புற்றுநோயின் வாய்ப்பும் கூடுகிறது. 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், உடலெங்கும் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் உடைய 692 ஆண்களின் மரபணுக்களைச் சோதித்தனர். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பன்னிருவரிடம் டி.என்.ஏ.வைச் செப்பனிடும் மரபணுக்களில் ஏதேனும் ஒன்று பிறவியிலேயே பழுதுற்றிருந்தது. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது பி.ஆர்.சி.ஏ. 2. எட்டுப் பேருக்கு ஒருவர் என்னும் அளவை நெருங்கும் இக்கணக்கைக் கண்ட பின்னும் இது பெண்களின் நோய் என்று சொல்ல நமக்கு நா எழுமா?

ஈண்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய்களுள் பெரும்பாலானவை மரபுவழி வருவன அல்ல. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே அவ்வாறு வருவன. ஆகவே எல்லா ஆண்களும் சோதனைச் சாலைக்கு ஓட வேண்டும் என்று யான் கூறவில்லை. மார்பகப் புற்றுநோய் கண்ட ஆண், பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் கண்ட ஆண், கணையப் புற்றுநோய் கண்டவர், குடும்பத்தில் இளவயது மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ உடையவர், உறவினரிடம் பிறழ்வு உறுதி செய்யப்பட்டவர் ஆகியோரே மரபணு ஆலோசகரை நாட வேண்டியவர்கள்.

பெயர் செய்த பிழை

இவ்வளவு தெளிவான செய்தி ஆண்களின் செவியில் ஏன் ஏறவில்லை? நோய்க்கு இட்ட பெயரே முதற் குற்றவாளி என்பேன். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு எடுத்த நலக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள் 2018இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். புற்றுநோய் காணாதோருள், மார்பகம், சூலகம் தொடர்பான மரபணுச் சோதனையைச் செய்துகொண்ட ஆண்களின் விகிதம், பெண்களின் விகிதத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இருந்தது. குடற்புற்றுநோய் தொடர்பான சோதனையிலோ இத்தகைய ஏற்றத்தாழ்வு காணப்படவில்லை. அதே ஆண்கள், அதே நாடு, அதே மருத்துவமனைகள். குடல் என்று சொன்னால் வருகிறார்கள். மார்பகம் என்று சொன்னால் வருவதில்லை. இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

பி.ஆர்.சி.ஏ. என்னும் பெயரே மார்பகப் புற்றுநோய் என்னும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளால் ஆனது. இவ்வகைக் குடும்பநோயை மார்பக, சூலகப் புற்றுநோய்த் தொகுதி என்று மருத்துவ நூல்கள் குறித்து வந்தன. அப்பெயர் ஆண்களை விலக்குகிறது, உயிரைப் பறிக்கிறது என்று கண்ட காலின் பிரிச்சர்டு என்னும் ஆய்வாளர், அதனை மாற்றிக் கிங் நோய்த்தொகுதி என்று, கண்டறிந்த அறிஞரின் பெயராலேயே வழங்கலாம் என 2019ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார். அறிவியலறிஞர் ஒருவர் ஒரு சொல்லின் பொருட்டு அங்கே வழக்காடுகிறார். சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் இங்கே என்ன செய்கிறோம்?

நம் இதழ்களையும் மலர்களையும் எடுத்துப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் பற்றிய கட்டுரை மகளிர் பகுதியில்தான் வரும். 'பெண்களே, விழித்தெழுங்கள்' என்பது அதன் தலைப்பாக இருக்கும். இளஞ்சிவப்பு நாடா படம் இருக்கும். உள்ளே, தாய்க்கு இருந்ததா, பாட்டிக்கு இருந்ததா என்ற வினா இருக்கும். அத்தைக்கு இருந்ததா என்று கேட்பார் எவருமிலர். மார்பு என்பது இருபாலார்க்கும் பொதுவான சொல். மார்பகம் என்பதையோ பெண்பாலுக்கே உரியதாக நாம் வழங்கி வருகிறோம். ஆண்பாற் பெயரும் பெண்பாற் பெயரும் வகுத்த மரபியலைக் கற்பிக்கும் நாமே, இருபாலார்க்கும் வரும் ஒரு நோய்க்குப் பெண்பாற் பெயர் ஒன்றை இட்டுவிட்டோம். மார்புப் புற்றுநோய் என்று எழுதுவதால் தமிழ் குறைந்துவிடாது. 'பெண்களுக்கு வரும்' என்று எழுதும் இடத்தில் 'குடும்பத்தில் வரும்' என்று எழுதுவதால் கட்டுரையின் அழகு கெட்டுவிடாது. ஓர் ஆண்மகன் அதைப் படித்துத் தன் சட்டையை ஒரு முறை கழற்றிப் பார்த்தால், அந்தக் கட்டுரை எழுதியதன் பயன் கிடைத்துவிட்டது.

தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகத் தாங்குவது நம் வழக்கம். இந்நாட்டு அடையாள அட்டையிலும் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தந்தையின் பெயரே நிற்கிறது. குலம், கோத்திரம், சொத்து, கொள்ளி வைக்கும் உரிமை என எல்லாவற்றுக்கும் தந்தைவழியைத் தேடுகிறோம். நோய் என்று வரும்போது மட்டும் அது தாய்வழி வந்தது என்று ஒதுங்கிக்கொள்கிறோம். பெருமைக்குத் தந்தைவழி, பிணிக்குத் தாய்வழி என்பது என்ன நீதி? எத்தனை மருமகள்கள், 'உன் பக்கத்து நோய்' என்ற பழியைச் சுமந்துகொண்டு நோயோடும் போராடியிருப்பார்கள்!

நால்வகை மறுப்புகள்

நம்மவர் கூறும் மறுப்புகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

'எல்லாம் தலையெழுத்து' என்பது முதல் மறுப்பு. மரபணுவில் உள்ளதும் எழுத்துத்தான். நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட எழுத்து. ஆனால் இந்த எழுத்தை இன்று படிக்க முடிகிறது. படித்தபின் வருவதைத் தள்ளிப்போடவும் தடுக்கவும் தொடக்கத்திலேயே பிடிக்கவும் முடிகிறது. இப்பிறழ்வு உடையோர் எல்லோர்க்கும் புற்றுநோய் வந்தே தீரும் என்பதும் இல்லை. படிக்கத் தெரிந்தவன் படிக்காமல் மூடி வைத்துவிட்டு விதியைப் பழிப்பது, பாடநூலைத் திறவாத மாணவன் தேர்வைப் பழிப்பது போன்றதாகும்.

'தெரிந்து என்ன செய்வது?' என்பது இரண்டாம் மறுப்பு. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வினாவுக்கு விடை கூறுவது அரிதாக இருந்திருக்கலாம். இன்று அப்படியன்று. பி.ஆர்.சி.ஏ. 2 பிறழ்வு உடைய ஆண்கள் நாற்பது வயது முதலே பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனையால் புரோஸ்டேட் சுரப்பியைக் கண்காணித்துவர வேண்டும் என்றும், முப்பத்தைந்து வயது முதல் தம் மார்பைத் தாமே தடவிப் பார்த்தும் மருத்துவரிடம் காட்டியும் வர வேண்டும் என்றும் அமெரிக்க மருத்துவ வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. பல நாடுகளில் நடந்த 'இம்பேக்ட்' என்னும் ஆய்வின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. பி.ஆர்.சி.ஏ. 2 பிறழ்வுடைய ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் இளவயதில் வருவதையும், அது சிகிச்சை வேண்டும் அளவுக்குத் தீவிரமாக இருப்பதையும் அவை காட்டின. முறையான கண்காணிப்பின் தேவையையும் வலியுறுத்தின. நோய் முற்றியவர்க்கும் வழியுண்டு. செப்பனிடும் ஆற்றல் இழந்த புற்றணுக்களை மட்டும் குறிவைத்து அழிக்கும் ஒலாபரிப் என்னும் மருந்துக்கு, பரவிய புரோஸ்டேட் புற்றுநோயிலும் பயன்படுத்த 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அம்மருந்து யாருக்குப் பயன்படும் என்பதை மரபணுச் சோதனைதான் சொல்லும்.

'திருமணம் நின்றுவிடும்' என்பது மூன்றாம் மறுப்பு. என் நண்பரின் இளைய மகன் சொல்வது இது. இதனை யான் எள்ளி நகையாட மாட்டேன். சாதகக் கட்டத்தில் ஒரு கோள் இடம் மாறியிருந்தாலே பெண் கொடுக்க மறுக்கும் சமுதாயத்தில் இந்த அச்சம் பொய்யன்று. ஆயினும், மறைத்துச் செய்யும் திருமணத்தில் அறத்துக்கு இடம் எங்கே? மணந்துகொண்ட பெண்ணுக்கும் பிறக்கப்போகும் மகளுக்கும் அந்த உண்மையில் உரிமை இல்லையா? மேலும், அத்தை மகள், மாமன் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. கணவன் மனைவி இருவரிடமும் ஒரே பி.ஆர்.சி.ஏ. 2 பழுது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பழுதுற்ற இரு படிகளும் சேர்ந்து இறங்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அக்குழந்தை ஃபான்கோனி இரத்தசோகை என்னும் கொடிய நோயோடு பிறக்கக் கூடும். எலும்பு மச்சையைக் கெடுத்து, பிள்ளைப் பருவத்திலேயே புற்றையும் கொண்டுவரும் நோய் அது. உறவு விட்டுப் போகக் கூடாது என்று மணம் பேசுகிறவர்கள், உறவில் உள்ள மரபணுவையும் கேட்டறிவது நலம்.

'செலவு மிகுதி, காப்புறுதி கிடைக்காமற் போகும்' என்பது நான்காம் மறுப்பு. நான்கினுள் இதுவே நியாயமானது. எனினும், குடும்பத்தில் முதலாமவரிடம் பிறழ்வு இன்ன இடத்தில் உள்ளது என்று தெரிந்துவிட்டால், மற்ற உறவினர்க்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தாற் போதும். அதற்கு ஆகும் செலவு மிகவும் குறைவு. ஆகவே நோயுற்றவரிடம் தொடங்குவதே முறை. காப்புறுதியைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மரபணுச் சோதனை செய்துகொள்ளுமாறு எவரையும் காப்புறுதி நிறுவனம் வற்புறுத்தக் கூடாது; செய்துகொண்டவரின் முடிவைப் பயன்படுத்துவதற்கும் வரம்புண்டு என்று அது வகுத்தது. பெருந்தொகைக் காப்புறுதிகளுக்குச் சில விலக்குகள் அதில் இருந்தன. இத்தகைய பாதுகாப்பு எங்கும் சட்டமாகவே நிலைபெற வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதனைக் கேட்டுப் பெற வேண்டுமேயன்றி, அது இல்லையே என்று மரபணுவைப் பூட்டி வைப்பது தீர்வாகாது.

கடல் கடந்தபோது அறுந்த கொடிவழி

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நாட்டில் வாழும் நம்முள் பலர், பாட்டனார் பெயருக்கு மேல் முன்னோர் பெயர் அறியாதவர்கள். கடல் கடந்து வந்தபோது உறவுகள் பாதி அங்கே நின்றன. வந்தவர்களும் தோட்டம் தோட்டமாகச் சிதறினர். தோட்டத்து மருத்துவமனையில் டிரசர் கொடுத்த கலவை மருந்தோடு எத்தனையோ உயிர்கள் முடிந்தன. வயிற்றுவலி, கட்டி, காய்ச்சல், யாரோ செய்த வினை என்பவையே அச்சாவுகளுக்கு நாம் கேட்ட காரணங்கள். எந்த அத்தை எந்த நோயால் இறந்தாள் என்பதற்கு ஏடு இல்லை. நினைவில் வைத்திருக்கும் மூத்தோரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். குடும்ப வரலாறு இல்லாதவர்க்கு, அந்த வரலாற்றின் இடத்தை நிரப்பக் கூடியது இச்சோதனை. ஆகவே மற்றவரைவிட நமக்கு அது மிகுதியாக வேண்டும்.

அங்கும் ஒரு தடை காத்திருக்கிறது. சோதனையின் முடிவு, பிறழ்வு உண்டு, இல்லை என்னும் இரண்டோடு நிற்பதில்லை. 'மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் தெரியவில்லை' என்ற மூன்றாம் முடிவும் உண்டு. ஐரோப்பிய வழிவந்தோரைவிட ஆசியர்க்கு அம்முடிவு மிகுதியாகக் கிடைக்கிறது. காரணம் எளியது. இதுவரை படிக்கப்பட்ட மரபணுக்களுள் பெரும்பாலானவை அவர்களுடையவை. மூலம் எல்லோரிடமும் இருக்கிறது. உரை அவர்களுக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 2002ஆம் ஆண்டு முதல் மார்பகப் புற்றுநோயின் மரபணு ஆய்வு ஒன்று நடந்து வந்தது. மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதற்குக் குருதி தந்தனர். அப்பெண்கள் நமக்காக உரையின் முதற் பக்கங்களை எழுதித் தந்தவர்கள். அவர்களுடன் பிறந்த ஆண்கள் எங்கே போனார்கள்? உரையாசிரியர்களின் பெருமையை வகுப்பில் விரித்துரைக்கும் நாம், நம் குருதிக்கு உரை இல்லாமற் கிடப்பதைப் பொறுத்திருக்கலாமா?

ஆசிரியர் செய்யத் தக்கவை

இனிச் செய்ய வேண்டியவை சில. முதலாவது, எழுதுவோர் இந்நோயை மகளிர் பக்கத்திலிருந்து மீட்டுக் குடும்பப் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது, மேல்வகுப்பு மாணவர்க்குக் கொடிவழி வரையும் பயிற்சி கொடுக்கும்போது, தாய்வழி எவ்வளவு விரிகிறதோ தந்தைவழியும் அவ்வளவு விரிய வேண்டும் என்று சொல்லுங்கள். வீட்டில் மூத்தோரிடம் கேட்டு வரட்டும். நோயையும் சாவையும் பற்றி மாணவரிடம் வினவ வேண்டியதில்லை. பெயர்களும் உறவும் தெரிந்திருந்தாற் போதும். மற்றவற்றைப் பெரியவர்கள் தாமே நினைத்துப் பார்ப்பார்கள். பெரியவர்க்கு வரும் இந்நோய்களுக்காகப் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைச் சோதிப்பதும் முறையன்று. வளர்ந்தபின் தாமே முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. மூன்றாவது, ஆண்களாகிய நாம் நம் அத்தைமாரைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். நம் தந்தையர் எதனால் இறந்தனர் என்பதை நம் மகள்களிடம் சொல்ல வேண்டும்.

சோதனை செய்துகொள்வோர்க்கும் ஓர் எச்சரிக்கை. எச்சிலைக் குப்பியில் இட்டு அஞ்சலில் அனுப்பினாற் போதும் என்று விற்கப்படும் சோதனைகளுள் சில, ஆயிரக்கணக்கான பிறழ்வுகளில் ஒரு சிலவற்றை மட்டுமே பார்ப்பவை. அவை 'இல்லை' என்று கூறினால் அதனை முழு விடுதலையாகக் கொள்ளக் கூடாது. முதலில் மரபணு ஆலோசகரோடு அமர்ந்து பேசி, முடிவு எதுவாக இருந்தாலும் என்ன செய்வது என்று தெளிந்து, பின்னரே குருதி கொடுக்க வேண்டும். சோதித்துக்கொள்ள விரும்பாதவரை வற்புறுத்துவதும் தகாது. ஆனால் அறிந்தபின் மறுப்பது வேறு. 'அது பெண்கள் நோய்' என்று அறியாமல் விலகுவது வேறு. முன்னது உரிமை. பின்னது மடமை. அந்த மடமையை வளர்த்தவர்கள் நாமாக இருந்தால், களைய வேண்டியவர்களும் நாமே.

என் நண்பருடைய மகள் சிகிச்சை முடிந்து மீண்டும் பள்ளிக்குச் செல்கிறாள், அவளும் ஆசிரியைதான். நண்பர் இப்போது ஆண்டுதோறும் தவறாமல் இரத்தச் சோதனை செய்துகொள்கிறார். கடந்த பொங்கலன்று, தம் தந்தையின் தங்கை பெயரை ஒரு தாளில் எழுதி, தெரிந்த மட்டும் வயதையும் நோயையும் குறித்து, பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கொரு படி கொடுத்திருக்கிறார். மகன்கள் அதனை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்களாம். திறந்து படித்தார்களா என்று அவருக்குத் தெரியவில்லை.

இதனைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்தை ஒரு கணம் பாருங்கள். அது உங்கள் தந்தை உங்களுக்குத் தந்தது என்று பெருமை கொள்கிறீர்கள், அப்பெருமை தகும். அதனோடு அவர் தந்தவை வேறு என்னென்ன என்று கேட்டறியும் துணிவும் உங்களுக்கு வேண்டும். தலைப்பெழுத்தை ஏற்றுக்கொண்டவர்கள், அதன் பின்னால் உள்ளதைத் தலையெழுத்து என்று தள்ளிவிட முடியாது.